ஆஸிமின் கடைசி ரெண்டு வரி

கல்யாண ரிசப்ஷனில் ஆர்கெஸ்ட்ரா வைப்பவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. பக்கத்தில் இருப்பவரை நலம் விசாரிக்கக்கூட தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்கிறது. போன ஞாயிறு விருத்தாசலத்தில், வேப்பூர் ரோட்டு மண்டபத்திலும் அதே இம்சைதான்.

நடுவில் பாடகர் ஒரு பழைய இந்திப் பாட்டை எடுத்தார். ஊரே ரிங்டோனாக வைத்திருந்த பாட்டு. அர்த்தம் தெரியாமலே மண்டபம் தலையாட்டியது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷமீம் டீச்சர் மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன டீச்சர்?"

"எங்க அப்பா எழுதுன பாட்டுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டீச்சர் எங்கள் தெருக்காரர். அவர் அப்பாவைத் தினமும் பால் வாங்க வரும் பெரியவராகத்தான் எங்களுக்குத் தெரியும். போன ரம்ஜானுக்கு முன்னால் இறந்துபோனார். பீங்கான் சூளைத் தொழிலாளியின் மகனாம். உருதுக் கவிதைப் பைத்தியம் பிடித்து பம்பாய்க்குப் போய், சினிமாவுக்குப் பாட்டு எழுதியவராம்.

"பாட்டுல அப்பா பேரே இருக்காது. வெட்டிட்டாங்க" என்றார் டீச்சர்.

உருது கஜலில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி ரெண்டு வரியில் கவிஞர் தன் புனைபெயரைச் சொல்லித்தான் முடிப்பார். டீச்சர் அப்பாவின் புனைபெயர் ஆஸிம். சொந்த ஊரை ஒட்டவைத்து, 'ஆஸிம் விருத்தாசலவி'. சினிமாக்காரர்கள் விடுவார்களா? 'படத்துல ஹீரோ பேரு வேற... நடுவுல யாருய்யா இந்த ஆஸிம்?' என்று டைரக்டர் கேட்டாராம். ஊர்ப்பெயரைக் கேட்டு டியூன் போட்டவர் விழுந்து விழுந்து சிரித்தாராம். இவரும் விடாமல் ஒவ்வொரு பாட்டுக்கும் அந்த ரெண்டு வரியை எழுதிக்கொண்டே இருந்தார். அவர்களும் விடாமல் வெட்டிக்கொண்டே இருந்தார்கள்.

பாட்டு முடிந்தது. பாடகர் மைக்கில் இசையமைத்தவரைச் சொன்னார், பாடியவரைச் சொன்னார், நடித்தவரைக்கூடச் சொன்னார். எழுதியவர்? ம்ஹூம்.

டீச்சர் விருட்டென்று எழுந்து மேடைக்குப் போய்விட்டார். பதறிப்போய் நானும் பின்னால் ஓடினேன்.

"தம்பி, இந்தப் பாட்டுல இன்னும் ரெண்டு வரி இருக்குது. எங்க அப்பா எழுதுனது. சொந்த ஊருலயாவது அவரு பேரு ஒரு தடவை கேக்கட்டும்."

"டிராக்ல அவ்ளோதான்க்கா இருக்குது. அதுக்கு மேல மியூசிக் கிடையாதுங்க."

"மியூசிக் வேணாம். மைக்க மட்டும் குடுங்க."

கொடுத்தார். டீச்சர் முதல் வரியைச் சொன்னார். நிறுத்திவிட்டார்.

மண்டபம் அமைதியானது. ஒரு வினாடி... இன்னொரு வினாடி... பாவம், மறந்துவிட்டார் என்று நினைத்துச் சிலர் கை தட்டினார்கள். "பரவால்ல டீச்சர், வுடுங்க!" என்று ஒரு குரல். கையைப் பிடித்து இறக்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

டீச்சர் எதையும் மறக்கவில்லை. காத்திருந்தார். உருதுக் கவியரங்கில் கவிஞர் ஒரு வரி சொல்லி நிறுத்துவார். கேட்பவர்கள் அந்த வரியைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் அடுத்த வரி. பெரியவரும் சாப்பிடும்போது ஒரு வரி சொல்லி நிறுத்துவாராம். மகள் ஒருவர்தான் திருப்பிச் சொல்வார். இந்த ஊரில் அவருக்கு வேறு யார் இருந்தார்கள்?

திடீரென்று அந்த வரி ஸ்பீக்கரில் கேட்டது. இன்னொரு மைக்கில் பாடகர்! அவருக்கு இந்தியும் தெரியாது, உருதுவும் தெரியாது. காதில் விழுந்ததை அப்படியே பாடுவதுதான் தொழில். தடுமாறும் பெண்ணுக்கு எடுத்துக் கொடுப்போமே என்று, கேட்ட வரியை அந்தப் பாட்டின் ராகத்திலேயே பாடினார். டீச்சர் முகத்தைப் பார்க்க வேண்டுமே... அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது வரி வந்தது. 'ஆஸிம் விருத்தாசலவி' என்ற இடத்தில் பின்வரிசையில் விசில். "நம்ம ஊருடா!"

டீச்சர் தமிழில் அர்த்தம் சொன்னார். இங்கே பீங்கானை ரெண்டு தடவை சுடுவார்கள். வெறும் மண்ணாக ஒரு தடவை, பளபளப்புப் பூச்சு பூசி இன்னொரு தடவை. அதைத்தான் பெரியவர் எழுதியிருந்தார்.

'ரெண்டு சூளையில் வெந்தும் ஈரம் போகவில்லையே...
ஆஸிம் விருத்தாசலவி, நீ என்ன மண்ணப்பா?'

விசில் நின்றது. முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "டீச்சர்... இன்னொரு தடவ சொல்லுங்க."

வீட்டுக்குத் திரும்பும்போது டீச்சர் சொன்னார். "கவியரங்குல 'இன்னொரு தடவை'ன்னு கேக்கறதுதாங்க பெரிய மரியாதை. மாலையெல்லாம் அதுக்கப்புறம்தான். அப்பாவுக்கு அது கெடைச்சிடுச்சு. வாங்கிக்கத்தான் அவரு இல்ல."

மறுநாள் காலை, சமையல் செய்துகொண்டே செல்போனில் அந்தப் பாட்டைப் போட்டேன். வழக்கமான இடத்தில் சட்டென்று முடிந்துவிட்டது. மனசு கேட்கவில்லை. மிச்ச ரெண்டு வரியை, டீச்சர் சொன்ன தமிழில், நானே வாய்விட்டுச் சொன்னேன்.

ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் நிமிர்ந்தார். "நல்லாருக்கே... இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன்.