கயிற்றோரம் நின்ற ஸ்கூட்டர்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ராஜபாளையத்தில் நடந்தது இது. பெண்கள் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம். எங்கள் மாவட்ட அணியில் முன்வரிசையில் நின்று ஆடியவள் என் மகள். அப்போது பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் சாயங்கால இட்லிக் கடை. பந்தாட்டமும் எப்போதும் சாயங்காலம்தான். ஆறாம் வகுப்பிலிருந்து ஆடுகிறாள், ஒரு ஆட்டம்கூட நான் பார்த்ததில்லை. கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பாள். "நல்லாருக்குட்டி, கைகால் கழுவிட்டு வந்து தேங்காயத் துருவு" என்பேன். அவ்வளவுதான் என் பாராட்டு. அவள் அப்பா லாரி ஓட்டுகிறவர். எந்த மாநிலத்தில் இருக்கிறார் என்று போனில் கேட்டால்தான் தெரியும். ஆக, அவளுக்குக் கைதட்ட வீட்டிலிருந்து யாரும் போனதே இல்லை. அவளும் அதைப் பெரிதாகச் சொல்லிக்காட்டியதில்லை. அந்த முறை மட்டும் கடை மூடும் நேரத்தில் வந்து பக்கத்தில் நின்றாள்.

"எம்மா, இந்த ஒரு மேட்சுக்கு மட்டும் வாயேன். பொறவு கூப்பிடவே மாட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. "வாரேன்ட்டி, ஒருநாள் கடை தொறக்காட்டி ஊரு பட்டினியா கெடக்கப் போகுது" என்றேன். வாடிக்கைக்காரர்களிடமெல்லாம் மூன்று நாளைக்கு முன்பிருந்தே சொல்லி வைத்தேன். "அப்ப கோல் அடிச்சா மறுநாளு ஓசி இட்லியாக்கா?" என்று கிண்டல் செய்தார்கள். "அடிக்கட்டும், வடையும் சேத்துத் தாரேன்" என்றேன். எனக்கே வாயெல்லாம் பல்லாக இருந்தது.

ஆட்டத்துக்கு எம்புட்டோ கூட்டம் வரப்போகிறதென்று போலீஸ் கெடுபிடி முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டது. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சொல்லிப் போனார்கள். மைதானத்துப் பக்கம் எந்த வண்டியும் போகக் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமிருந்து வருகிறவர்கள் ராஜபாளையம் எல்லையிலேயே ஒரு பழைய மில்லின் காலியிடத்தில் வண்டியை விட்டுவிட்டு நடந்து போக வேண்டும். வெளியூர் பஸ்கள் ஊருக்குள் வராமல் சுற்றிப் போய்விடும். ஆட்டம் முடிகிற வரைக்கும் நிறுத்திய வண்டியை எடுக்க முடியாது. "நேரத்தோட வந்துரும்மா" என்று என் மகளும் காலையில் கிளம்பும்போது படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

நான் எங்கே நேரத்தோடு போனேன்? மறுநாள் கடைக்கு மாவு ஆட்ட வேண்டுமே. ஆட்டி, உப்புப் போட்டுக் கரைத்து, குளித்து, இருப்பதில் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுப்பதற்குள் ஆட்டம் ஆரம்பிக்கிற நேரமே ஆகிவிட்டது.

அந்த மில் காலியிடத்தைப் பார்த்து மலைத்துப்போனேன். தீப்பெட்டியில் குச்சி அடுக்கின மாதிரி பைக்குகள். ஒன்றை எடுக்க வேண்டுமென்றால் பத்தை நகர்த்த வேண்டும். சுற்றிலும் கயிறு கட்டி, விசில் வைத்துக்கொண்டு பையன்கள் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்கள். கடைசியாக வந்ததால் என் ஸ்கூட்டருக்குக் கயிற்றோரம்தான் இடம் கிடைத்தது. "முடிஞ்சதும் மொத ஆளா நீங்கதான்க்கா வெளிய போவீக" என்று விசில்காரர் சிரித்தார். மைதானத்திலிருந்து சத்தம் கேட்டது. ஆட்டம் தொடங்கிவிட்டது என்று சாவியைக் கையில் பிடித்தபடியே விறுவிறுவென்று நடந்தேன்.

நாலு எட்டு வைத்திருப்பேன், பின்னால் ஒரே கூச்சல். இருபத்தைந்து வயது இருக்கும், ஒரு ஆள் விசில்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சிக்கொண்டிருந்தான். அவன் பைக் நட்டநடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. எடுக்க வழியே இல்லை. ராஜபாளையத்துக்குள் பஸ்ஸும் கிடையாது, ஆட்டோவும் கிடையாது. அவன் முகம் வெளிறிப்போயிருந்தது, கண்ணில் தண்ணீர். என் கையில் சாவியைப் பார்த்ததும் ஓடி வந்தான்.

"யக்கா, எங்கப்பாவுக்கு நெஞ்சுவலின்னு போன் வந்துச்சுக்கா. ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரியில சேத்துருக்காகளாம். ஒங்க வண்டி ஒண்ணுதான்க்கா வெளிய எடுக்க முடியும்."

அங்கே மைதானம், இங்கே இவன். சுற்றி நின்ற நாலைந்து பேரும் என்னையே பார்த்தார்கள். சாவியைக் கொடுத்து அனுப்பலாமா என்று யோசித்தேன். முன்பின் தெரியாதவனிடம் வண்டியைக் கொடுக்க மனசு வரவில்லை. வண்டியை நம்பிக் கொடுக்காதவள், அவன் சொன்ன பேச்சை மட்டும் அப்படியே நம்பினேன். மகள் முகம் ஒரு நொடி வந்து போனது. போய் இறக்கிவிட்டுத் திரும்பினால் இரண்டாவது பாதியைப் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். "ஏறுப்பா" என்றேன். விசில்காரர் கயிற்றைத் தூக்கி வழிவிட்டார்.

வழியெல்லாம் அவனுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒன்றும் ஆகாது, இப்போதெல்லாம் நல்ல மருந்து இருக்கிறது, எங்கள் தெருவில் ஒருத்தருக்கு இதே மாதிரி வந்து இப்போது நன்றாக நடமாடுகிறார் என்று என்னென்னவோ சொன்னேன். அவன் "ம், ம்" என்று மட்டும் சொன்னான். தெரிந்த சாமியையெல்லாம் அவன் அப்பாவுக்காக வேண்டிக்கொண்டேன். நெஞ்சுவலிக்காரரைப் பார்க்கப் போகிறவனுக்கு முதுகில் அவ்வளவு பெரிய பை எதற்கு என்று என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பப் போனேன். "இங்கனயே நிறுத்துங்கக்கா" என்று தோளைத் தட்டினான். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு சென்னை பஸ் கிளம்புகிற உறுமலோடு நின்றுகொண்டிருந்தது. வண்டி முழுசாக நிற்பதற்குள் குதித்து அதைப் பார்த்து ஓடினான்.

"ஏலே, ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்லா இருக்கு!" என்று கத்தினேன்.

படியில் தொற்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தான். கையெடுத்துக் கும்பிட்டான். "மன்னிச்சிருங்கக்கா. நாளைக்குக் காலையில வேலையில சேரணும், இந்த பஸ்ஸ விட்டா போச்சு. பைக்கக் கூட்டாளி எடுத்துக்கிடுவான். அப்பா வீட்டுல நல்லாத்தான் இருக்காக." பஸ் போய்விட்டது.

நடுரோட்டில் நின்று அவனை என்னென்ன சொல்லித் திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது. எடுபட்ட பயலே என்பதுதான் அதில் ரொம்ப மரியாதையான வார்த்தை. பெற்ற அப்பனுக்கு நெஞ்சுவலி என்று சொல்ல எப்படி வாய் வந்தது? பூக்காரம்மா ஒருத்தி "என்னத்தா, பைய எதுவும் தூக்கிட்டுப் போயிட்டானா?" என்று கேட்டாள். நான் வண்டியைத் திருப்பினேன்.

போன வேகத்துக்குத் திரும்பி வர முடியவில்லை. ஆட்டம் முடிந்து கூட்டம் வெளியே வருவதற்கு வசதியாக, ராஜபாளையத்துக்கு வெளியிலேயே ரோட்டில் தடுப்பை இழுத்துப் போட்டுவிட்டார்கள். வெளியே போகலாம், உள்ளே ஒரு வண்டியும் விடமாட்டோம் என்றார்கள். மில் காலியிடம்கூட இன்னும் ரொம்ப தூரம். நான் தடுப்புக்குப் பக்கத்தில் நின்ற போலீஸ்காரரிடம் போனேன்.

"சார், எம்மக உள்ள ஆடிக்கிட்டு இருக்கா சார். அந்த மில்லு வரைக்குமாவது விடுங்க."

"காலையிலருந்து இதோட எத்தனை பேரும்மா மகளும் தங்கச்சியும் ஆடுறாகன்னு வந்துட்டீக? ஒரு டீமுக்கு பதினோரு பேருதான்மா" என்றார்.

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வெயிலில் நின்று களைத்துப்போயிருந்தார். அந்தப் பயல் சொன்ன நெஞ்சுவலி என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் அடுத்த நிமிடம் தடுப்பைத் தூக்கியிருப்பார். யாருக்கு வலி என்று சொல்ல? லாரியில் போயிருக்கும் மனுஷனுக்கா, மைதானத்தில் ஓடுகிற பிள்ளைக்கா? வாய் வரவில்லை. ஒரு டீக்கடை ஓரமாக ஸ்கூட்டரை விட்டுவிட்டு, "பாத்துக்கிடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு ஓட ஆரம்பித்தேன்.

கட்டியிருந்ததோ நல்ல சேலை. காலைத் தடுக்கியது. ஒரு கையில் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செத்த நேரம் ஓடுவதும் மூச்சு வாங்க நடப்பதுமாகப் போனேன். மில்லைத் தாண்டி, கடைத்தெரு தாண்டி, மைதானத்தின் கம்பங்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு வந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஊரே எழுந்து நின்று கத்தின சத்தம். மேளம், விசில், வேட்டு எல்லாம் சேர்ந்து காதை அடைத்தது. எனக்கு என்னவோ அது அவள்தான் என்று தெரிந்துவிட்டது. எப்படி என்று கேட்காதீர்கள். அந்த இடத்திலேயே நின்று அழுதுவிட்டேன். அதற்கு அப்புறம் ஓடி என்ன செய்ய?

நான் வாசலுக்குப் போகும்போது எதிரே கூட்டம் வந்துகொண்டிருந்தது. இடித்துக்கொண்டு உள்ளே போனேன். "கடைசி நேரத்துல அடிச்சா பாரு, பொம்பளப்பிள்ளையா அது!" என்று ஒருத்தர் சொல்லிக்கொண்டே போனார். மைதானத்து நடுவில் பிள்ளைகள் ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். என் மகள் என்னைப் பார்த்துவிட்டாள். முழங்காலெல்லாம் செம்மண், முகமெல்லாம் வேர்வை, ஓடி வந்து என்னைத் தூக்கியே விட்டாள்.

"எம்மா, பாத்தியா? பாத்தியாம்மா?"

நடந்ததை எல்லாம் கொட்டிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். அந்தப் பயலைப் பற்றி, போலீஸ்காரரைப் பற்றி, ஓடி வந்ததைப் பற்றி. அவள் கண்ணைப் பார்த்தேன்.

"பாத்தேன்ட்டி" என்றேன்.

"எனக்குத் தெரியும்மா. கோல் அடிச்சதும் ஒன்னயத்தான் தேடுனேன். அம்புட்டுக் கூட்டத்துல மூஞ்சியே தெரியல. அந்த மேற்குப் பக்கம், பச்சச் சேலை கட்டி எந்திரிச்சு நின்னு ரெண்டு கையையும் ஆட்டுனது நீதானே? நானும் ஒனக்குக் கையாட்டுனேன்ல, பாத்தியா?"

நான் கட்டியிருந்ததும் பச்சைதான். "நான்தான்ட்டி, வேற யாரு ஆட்டப் போறா?" என்றேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலாக மேற்குப் பக்கத்தைப் பார்த்தேன். காலியாகிக்கொண்டிருந்த படிகளில் ஒரு பச்சைச் சேலையும் இல்லை.

பிறகு இருவரும் அவ்வளவு தூரமும் நடந்து டீக்கடைக்கு வந்தோம். "வண்டிய ஏம்மா இம்புட்டுத் தள்ளி விட்ட?" என்று கேட்டாள். உள்ளே இடமில்லை என்றேன். அதையும் நம்பினாள். பின்னால் உட்கார்ந்து, எப்படிப் பந்து வந்தது, யாரை ஏமாற்றினாள், எந்த மூலையில் அடித்தாள் என்று ஊர் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். "அதான் நீயே பாத்தியே" என்று நடுவில் நிறுத்துவாள். "நீ சொல்லு, கேக்க நல்லாருக்கு" என்பேன். மறுநாள் வாடிக்கைக்காரர்களுக்கு ஓசி இட்லியும் வடையும் போட்டேன். கோல் எப்படி என்று கேட்டவர்களுக்கு அவள் சொன்னதையே திருப்பிச் சொன்னேன்.

அதுதான் அவள் ஆடிய கடைசிப் பெரிய ஆட்டம். அந்த வருடமே மதுரையில் நர்சிங் சேர்ந்துவிட்டாள். பகலில் வகுப்பு, ராத்திரியில் வார்டு, பந்துக்கு நேரம் ஏது? இனி நான் கடையை மூடினாலும் பார்க்க ஆட்டம் இல்லை. ஆறு வருடம் நான் வீணடித்த சாயங்காலங்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. அந்தப் பயல் எடுத்துப் போனது ஒரே ஒரு சாயங்காலம். மீதி அத்தனையும் நானே தொலைத்தது. அவனும் உண்மையைச் சொல்லியிருந்தால் நான் கொண்டுபோய் விட்டிருக்க மாட்டேன் என்பதும் தெரியும். வேலையில் சேர்ந்தானா என்று சில சமயம் நினைப்பேன். சேர்ந்திருக்கட்டும்.

விடுமுறைக்கு வந்தால் தோழிகளிடம் இன்னமும் சொல்கிறாள், "நான் கோல் அடிக்கையில எங்கம்மா எந்திரிச்சு நின்னு கையாட்டுனா" என்று. எத்தனையோ தடவை சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்து மூடியிருக்கிறேன். அவள் கையில் இருக்கும் அந்த ஒன்றைப் பிடுங்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றுகிறது. இதை நான் பெயர் போடாமல் எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

மேற்குப் பக்கம் எழுந்து நின்ற அந்தப் பெண் எந்த ஊரோ, யார் பிள்ளைக்காக வந்தாளோ, எனக்குத் தெரியாது. இப்போதெல்லாம் மாதத்தில் ஒன்றிரண்டு நாள் கடைக்கு லீவு விட்டுவிட்டு, பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் ஆடுவதைப் போய்ப் பார்க்கிறேன். ஏதாவது ஒரு பிள்ளை கோல் அடித்துவிட்டுக் கூட்டத்துக்குள் யாரையோ தேடினால், அது யார் வீட்டுப் பிள்ளை என்று யோசிப்பதில்லை. எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டிவிடுகிறேன், அதன் அம்மா எந்தத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று கெஞ்சிக்கொண்டிருக்கிறாளோ.