பல் பார்க்காத மாட்டு வியாபாரி

காலராவில் சாகக் கிடந்த தம்பியை விட்டுவிட்டு வேப்பந்தட்டையிலிருந்து அரியலூருக்கு ஓடிவந்தவர் எங்கள் தாத்தா முத்துசாமி. "அந்த ஊருக்குப் போனா நம்மள வெட்டிப்புடுவாங்க" என்று சொல்லிச் சொல்லியே அப்பா எங்களை வளர்த்தார். அப்பாவும் இறந்தபின், இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருடம், தாத்தாவின் கதையை விசாரிக்க அங்கே போனேன். பயத்தில் மாட்டு வியாபாரி என்று பொய் சொன்னேன்.

ஒரு வீட்டில் காளையைக் காட்டினார்கள். நான் தாத்தாவின் குடும்பத்தைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மாடு வாங்க வந்தவரு வயசு தெரிஞ்சுக்கப் பல்லைப் பாக்கலியே? யாருங்க நீங்க?" என்றார் வீட்டுக்காரர். கையில் சோளத்தட்டை நறுக்கிய அரிவாள்.

"முத்துசாமி பேரன்" என்றேன்.

அவர் நெருங்கி வந்தார். அரிவாளை என் தலைக்கு மேலே உயர்த்தினார். கண்ணை மூடிக்கொண்டேன். அதைக் கூரை எரவாணத்தில் செருகிவிட்டு என் கையைப் பிடித்தார்.

"உங்க தாத்தாவோட தம்பி பொழச்சுட்டாருண்ணே. நான் அவரு பேரன். அண்ணன் செத்துட்டாருன்னு நெனச்சு, சாகுற வரைக்கும் ஆடி அமாவாசைக்கு எலை போட்டுப் படைச்சாரு."

எங்கள் வீட்டுப் பயம் என்ன செய்துவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. அதே அமாவாசைகளில் எங்கள் தாத்தாவும் அந்தத் தம்பிக்குப் படைத்தார். ஒரு பகல் வண்டிப் பயண தூரத்தில், இருவரும் உயிரோடு இருந்துகொண்டே.