தட்டித் திறந்த கதவுகள்

கீரிப்பாறை மலையில் துரை விட்டுப்போன பங்களாவைச் சர்க்காருக்காக அளக்கப் போனபோதுதான் அந்தக் காவற்காரரைப் பார்த்தேன். ஒட்டிய கன்னம், துரையின் பழைய கோட்டு, கையில் சாவிக்கொத்து.

முன்கட்டு பெரிய துரை தன் ஊர் வீட்டைப் போலவே கட்டியது, ஓரத்து அறைகள் மதாம்மா வந்தபின் சேர்த்தவை, கணப்படுப்பின் புகை ஒருநாளும் ஒழுங்காக மேலே போனதில்லை என்று அலுத்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு அறை முன்னாலும் இரண்டு தரம் தட்டுவார், சற்று நிற்பார், பிறகுதான் சாவி போடுவார். மூன்று வருடமாக ஆளில்லாத வீடு. டேப்பைப் பிடித்துப் பிடித்து எனக்குத் தோள் கடுத்தது. எட்டாவது கதவில் பொறுமை போய்விட்டது.

“ஆருமில்லாத வீட்டுல எதுக்கு வே தட்டுதீரு?”

“ஆளு இருந்தப்பவும் ஒரு பதிலும் வராது ஏமானே. கொஞ்ச நேரம் நின்னுட்டு உள்ள போவேன். இப்பவும் அப்படித்தான்.”

நான் டேப்பை விரித்து அடுத்த சுவரை அளந்தேன்.

கடைசியாக, அடுக்களைக்குப் பின்னால் அவர் முப்பது வருடமாகப் படுத்துவந்த அறைக்கு வந்தோம். அங்கே அவர் தட்டவில்லை, நேரே உள்ளே போனார். அந்த அறைக்குக் கதவு வைக்க எந்தத் துரைக்கும் தோன்றவில்லை. வாசலில் ஒரு சாக்குதான் தொங்கியது. அதன் முன்னால் நான் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகுதான் உள்ளே போனேன்.