நைனாவின் வயிறும் நல்ல தண்ணீரும்

அம்மா போன பிறகு நைனாவை என்னோடு, உப்பு ஏரிக்கு நடுவில் இருக்கும் பசியாவரம் தீவுக்கு அழைத்து வந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் ஒல்லாந்தர் கப்பல்களுக்குத் துணி மூட்டை கொண்டுபோகும் படகில் துடுப்புப் போடுபவர். கப்பல் வந்து நின்றுவிட்டால் வீட்டுப்பக்கம் வரமாட்டார். ஆகவே நைனாவின் வயிறு முழுக்க என் தலையில் விழுந்தது.

அவருக்கு வெளிக்குப் போகவில்லை. காலையில் புதர்ப்பக்கம் போவார். வெயில் ஏறியபின் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்புவார்.

"இன்னா நைனா, ஆச்சா?" என்பேன்.

"இன்னும் சத்தமா கேளு, ஊர் பூரா கேக்கட்டும்" என்பார்.

கேட்காமல் விட்டாலோ, "பெத்த பொண்ணு, ஒரு வார்த்தை கேக்குறாளா பாரு" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் முறையிடுவார்.

அந்த அக்கா கடுக்காய் கொடுத்தாள். இடித்துக் கொடுத்தேன், ஒன்றும் அசையவில்லை. கஞ்சியில் விளக்கெண்ணெய் கலந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை நாய்க்கு ஊற்றிவிட்டார். நாய்க்குப் பேதியாகி வாசலெல்லாம் நாறியது. மணலை அள்ளி அள்ளிப் போட்டு மூடியவள் நான்தான். அவர் நிழலில் உட்கார்ந்து, "பாவம், வாயில்லா ஜீவன்" என்று நாய்க்காக இரக்கப்பட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் நிலாவாரை பறிக்கக் கிளம்பினேன். அது எங்கள் தீவில் கிடையாது. ஏரியில் கையால் இறால் தடவிப் பிடிக்கப் போவதை விட்டுவிட்டு, படகில் அக்கரை கடந்து காட்டூர்ப் பக்கம் வெயிலில் நடந்து இலை கொண்டுவந்தேன். காய்ச்சி வடிகட்டிக் கையில் கொடுத்து, "இத குடிச்சிட்டு மேல ஒரு சொம்பு தண்ணி குடி" என்றேன்.

கஷாயத்தை ஒரே மூச்சில் குடித்தார். நான் அடுப்புப் பக்கம் திரும்பியதும், சொம்புத் தண்ணீரைச் சத்தமில்லாமல் பானையிலேயே ஊற்றினார். பார்த்துவிட்டேன்.

"இன்னா பண்ற நீ?"

"தாகம் இல்லம்மா."

"இந்த வெயில்லயா?"

தரையைப் பார்த்தபடி சொன்னார்: "இங்க நல்ல தண்ணி ஏது? நீ படகு தள்ளிக்கினு அக்கரைக்குப் போயி மொண்டு வர. நான் வேற வந்து ஒக்காந்துக்கினு அதுல பங்கு கேக்கணுமா?"

வந்த நாளிலிருந்தே வாயை நனைப்பதோடு நிறுத்தியிருக்கிறார்! எனக்கு அழுகையும் வந்தது. அதைவிடக் கோபம் பெரிதாக வந்தது.

"அப்போ நான் காட்டூருக்கு நடந்தது இன்னாத்துக்கு? நாய்க்குப் பின்னாடி மணல் அள்ளுனது இன்னாத்துக்கு? தண்ணிக்கு இன்னொரு நட போறது கஷ்டமா, இதெல்லாம் கஷ்டமா? சொல்லு நைனா!"

சொம்பை நிரப்பி அவர் கையில் கொடுத்து எதிரில் உட்கார்ந்தேன். கடைசிச் சொட்டு தொண்டையில் இறங்கும்வரை எழுந்திருக்கவில்லை. மறுபடியும் நிரப்பினேன்.

விடிந்ததும் புதர்ப்பக்கம் போனவர் சீக்கிரமே திரும்பினார். முகம் தெளிந்திருந்தது. ஆனால் வாய் அப்படிச் சொல்லுமா? "உன் கஷாயம் கொடலையே முறுக்கிப் போட்டுடுச்சு" என்றார்.

அன்று நான் தண்ணீருக்குக் கிளம்பியபோது கேட்காமலே படகில் ஏறிக்கொண்டார். பாதி வழியில் ஆரம்பித்தார்: "கழிய ஆழமா ஊனு. இப்டி தள்னா எப்போ போய்ச் சேருறது?"

கழியை அவர் கையில் கொடுத்துவிட்டு, பானைகளுக்கு நடுவில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டேன்.