வலது மூலையில் ஒரு முடிச்சு

பஸ் கூனிமேட்டில் நின்றிருந்தபோது கஜேந்திரன் போன் செய்தார். எங்கள் உப்புக் கிடங்கில் லோடு ஏற்றுபவர்.

"ஏம்பா, நம்ம பீச்சாங்கை போயிட்டாருப்பா."

"எங்க போயிட்டாரு?" என்று கேட்டேன்.

அவர் விவரம் சொன்னார். பிறகுதான் புரிந்தது. காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்திருக்கிறார்.

ஏழுமலை அண்ணனை உங்களில் பலர் அந்தப் பட்டப்பெயரால்தான் அறிவீர்கள். மரக்காணம் கிடங்கில் மூட்டைகளின் வாயைத் தைப்பவர். இடது கைக்காரர். மற்றவர்கள் வலமிருந்து இடமாகத் தைப்பார்கள். கோணி ஊசி இடது மூலைக்கு வந்ததும் ஓர் உருவு முடிச்சு. அதை இழுத்தால் மூட்டை வாய் திறந்துவிடும். அண்ணன் இடமிருந்து வலமாகத் தைப்பார். அவருடைய முடிச்சு வலது மூலையில் இருக்கும். இதனால் யாருக்கு என்ன என்றுதான் நாம் எல்லோரும் நினைத்திருந்தோம்.

அங்கே லாரிச் சீட்டு எழுதுவது என் வேலை. ஒவ்வொரு லாரி புறப்படும்போதும் அண்ணன் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பார்.

"இது எங்க போவுது?"

ஊரைச் சொல்வேன்.

"சரி. அங்கேர்ந்து?"

"தெரியாதுண்ணே."

"எம்.ஏ. படிச்சிருக்கே, இதுகூடத் தெரியலியா?"

ஒருமுறை மட்டும் சிரிக்காமல் சொன்னார்: "இத்தினி வருசமா தைக்கிறேன். நான் தைச்ச மூட்டைய ஒருத்தர் பிரிச்சி நான் பாத்ததே இல்லடா."

போன மழைக்காலம். உப்புப் பாத்திகள் முழுகிக் கிடந்தன. எனக்கு மைசூரில் ஒரு தேர்வு. அண்ணன் துணைக்கு வருவதாகச் சொன்னார். சீட்டில் நான் அதிகம் எழுதும் ஊர் அது என்று அவருக்குத் தெரியும்.

தேர்வு முடிந்த பிற்பகல். மணிக்கூண்டுக்கு எதிரே பழைய மார்க்கெட். குங்குமக் கூம்புகளுக்கு முன் நின்றார். இது சரியாமல் எப்படி நிற்கிறது என்று கேட்டார். பூக்காரர் அளந்த முழத்தின் மேல் தன் கையை வைத்துப் பார்த்தார். "அவங்க முழம் பெருசுடா." பூக்காரர் சிரித்தார். நான் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் மார்க்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உப்புக் கடைகள் வந்தன. மூட்டைகள் எல்லாம் வாய் திறந்து, விளிம்பு சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு விளிம்பையும் தடவிக்கொண்டே போனார். "எல்லாத்தயும் பிரிச்சிட்டாங்கடா." மூன்று கடைகள். நான்காவது கடையின் உள்ளே, சுவரோரம், பிரிக்காத சில மூட்டைகள். ஒன்றில் மட்டும் முடிச்சு வலது மூலையில்.

அவர் இடது கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"அந்த மூட்டைலேர்ந்து ஒரு கிலோ போடுங்கம்மா."

கடைக்கார அம்மாவுக்குத் தமிழ் வந்தது. "இதுலயே இருக்குதே?"

"இல்லம்மா. அதுலேர்ந்துதான்."

அந்த அம்மா முணுமுணுத்துக்கொண்டே மூட்டையை முன்னால் இழுத்துப் போட்டார். பழக்கத்தில் இடது மூலையை இழுத்தார். வரவில்லை. கத்தியை எடுத்தார்.

"நோடி, எவனோ ஒரு எடகைக்காரன் தைக்கிறான். அவன் மூட்டை வந்தாலே கத்திதான். சாக்கும் பாழு, உப்பும் பாழு. ஒரு நாள் என் கையில சிக்கட்டும்."

கன்னடத்தில் நோடி என்றால் பாருங்கள்; எடகை என்றால் இடது கை. அதை அண்ணனுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"சிக்கிட்டேம்மா," என்றார்.

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. அண்ணன் குனிந்து, வலது மூலையை இடது கையால் பிடித்து இழுத்தார். ஒரே இழுப்பு. நூல் மொத்தமும் கையோடு வந்தது. அந்த அம்மா கத்தியும் கையுமாக அவரையே பார்த்தார்.

"அய்யோ, எவ்வளவு திட்டியிருக்கேன்!"

"பரவால்லம்மா. திட்டறதுக்காவது நெனச்சிருக்கீங்க இல்ல."

ஊர் திரும்பியதும் வலது கையால் தைத்துப் பார்த்தார். தையல் கோணல்மாணலாக வந்தது. ஒரே நாளில் விட்டுவிட்டார். அதன் பிறகு முடிச்சில் ஒரு சாண் நூலைத் தொங்கவிட ஆரம்பித்தார்.

"இன்னா பீச்சாங்கை, மூட்டைக்கு வாலு மொளைச்சிருக்குது?" என்றார் கஜேந்திரன்.

"அந்தம்மா இனிமே கத்தி எடுக்கக் கூடாதுடா."

அடக்கத்துக்கு மறுநாள் கிடங்குக்குப் போனேன். அவர் கடைசியாகத் தைத்த மூட்டைகள், வால்களோடு, லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. சீட்டில் மைசூர் என்று எழுதினேன். தோளுக்குப் பின்னால் யாரும் இல்லை. அந்த அம்மாவின் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வரவில்லை. செய்தி போகாது. மூட்டை போகும். வலது மூலையில் நூல் தொங்குவதைப் பார்த்து, கத்தியைத் தேடாமல் அந்த அம்மா இழுப்பார்.

அண்ணனிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது ஒரே ஒரு சொல். டிரைவரிடம் சீட்டை நீட்டியபோது அது தானாக வாயில் வந்தது.

"மார்க்கெட்டுக்குத்தானே?"

"ஆமாங்க."

"அங்கேர்ந்து?"