ஃபெமிலி ரூமில் பொண்ணு பார்த்த கதை

1. முதல் நாள்

பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நான் வெயிட்டராகச் சேர்ந்த முதல் நாள், முதலாளி எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் வேலை மேசை துடைப்பது அல்ல. காலண்டர் கழற்றுவது.

கடைச் சுவரில் லட்சுமி படம் போட்ட பெரிய காலண்டர் ஒன்று தொங்கும். அதற்குப் பின்னால் ஒரு போர்டு. "புகைபிடிக்கக் கூடாது" என்று மூன்று மொழியிலும் எழுதி, சிகரெட் படத்துக்குக் குறுக்கே சிவப்புக் கோடும் போட்டிருக்கும்.

"பி.எச்.ஐ. வாறாருன்னு தெரிஞ்சா காலண்டர எடுத்துரு. அவரு போனதும் மாட்டிரு. வெளங்குச்சா?" என்றார் முதலாளி.

பி.எச்.ஐ. என்றால் கடைகளில் சுத்தம் பார்க்க வருகிற சுகாதார உத்தியோகத்தர். கடைக்குள் புகைபிடிக்கக் கூடாது என்பது நாட்டுச் சட்டம். அதைப் பார்க்க வேண்டியதும் அவர்தான்.

"போர்ட எப்பவும் தெரியுற மாதிரி வச்சா என்னங்க முதலாளி?" என்று கேட்டேன்.

"வச்சா, சிகரெட் புடிக்கிறவங்க மனசு நோகும்டா."

புடிக்காதவர்களுக்கு மனசு கிடையாதா என்று நான் கேட்கவில்லை. முதல் நாள் அல்லவா.

பிள்ளைகளே, புகை பிடிக்காதவர்களின் மனசு எப்படி என்பதை நான் மேசை மேசையாகப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஒருவர் சோற்றுத் தட்டோடு நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஒரு அக்கா முந்தானையால் தட்டை மூடிக்கொண்டு, உள்ளே கையை விட்டுச் சாப்பிடுவார். சில பேர் பேப்பரை மடித்து விசிறுவார்கள். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தால், "ஈ ரொம்ப இருக்கு" என்பார்கள். எங்கள் கடையில் ஈ கிடையாது. ஈயும் அந்தப் புகையில் இருக்காது. ஆனால் "ஐயா, கொஞ்சம் வெளியில போய்ப் புடிங்க" என்று ஒரு ஆள் சொன்னதை நான் கேட்டதில்லை. காசு கொடுத்துச் சாப்பிட வந்தவர்கள், இல்லாத ஈயை ஓட்டிவிட்டுப் போவார்கள்.

2. ஃபெமிலி ரூம்

கடையின் பின்பக்கம் பலகை அடித்து, திரைச்சீலை போட்டு, "ஃபெமிலி ரூம்" என்று எழுதி வைத்த ஒரு அறை இருந்தது. பெண்களும் பிள்ளைகளும் கூச்சப்படாமல் உட்கார்ந்து சாப்பிடத்தான் அது. ஜன்னல் கிடையாது. ஒரு ஃபேன் மட்டும் மெதுவாகச் சுற்றும்.

ரோட்டிலிருந்து பார்த்தால் அந்த அறைக்குள் என்ன நடக்கிறதென்று தெரியாது. ஆகவே சிகரெட்காரர்கள் பெரும்பாலும் அங்கேதான் போவார்கள். பிள்ளைகளோடு வருகிற குடும்பங்கள் முன் ஹோலில், பஸ் ஹோர்ன் சத்தத்துக்கு நடுவே சாப்பிடும். குடும்பம் வெளியில், புகை ஃபெமிலி ரூமில். போர்டை மாற்றி எழுதவும் யாருக்கும் தோன்றவில்லை.

எங்கள் ஊர்க் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கே தெரியும். கஸ்டமர் உட்கார்ந்ததும் வடை, ரோல்ஸ், பெட்டிஸ் எல்லாம் அடுக்கி ஒரு தட்டு கொண்டுபோய் நடுவில் வைப்போம். வேண்டியதை எடுத்துச் சாப்பிட்டு, சாப்பிட்டதுக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும். மிச்சம் கண்ணாடி அலுமாரிக்குத் திரும்பி வரும். அங்கிருந்து அடுத்த மேசைக்குப் போகும். ஃபெமிலி ரூமிலிருந்து திரும்பி வருகிற தட்டில் சாம்பல் விழுந்திருக்கும்.

"முதலாளி, வடையில சாம்பல்."

"ஊதிட்டு வைடா."

நான் ஊதவில்லை. பின்னால் வாளியில் போட்டுவிடுவேன். அதற்கு வாங்கிய ஏச்சை எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

3. ட்ரே

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, மகள். மகள் பெயர் யோகா. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. அம்மாமார் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது.

கொஞ்ச நேரத்தில் வெலிமடையிலிருந்து ஒரு வேன் வந்தது. மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அம்மா, தாய்மாமன். பெண் வீட்டுக்குப் போகிற ரோட்டில் வேன் ஏறாது என்று தாய்மாமன் சொன்னதால், டவுனிலேயே பெண் பார்க்கிறதென்று பேசி வைத்திருக்கிறார்கள்.

முதலாளி அவர்களை ஃபெமிலி ரூமுக்கு அனுப்பினார். தாய்மாமன் உட்கார்ந்ததும் தண்ணி கேட்கவில்லை, லைட்டர் கேட்டார். பொண்ணு முகத்தைப் பார்க்குமுன் சிகரெட்டைப் பற்ற வைத்தார். ஒன்று முடியுமுன் அடுத்தது. அந்த மனுஷன் பேசும்போதெல்லாம் வார்த்தை பாதி, புகை பாதியாக வெளியே வரும்.

நான் தேத்தண்ணிக் கோப்பைகளை ட்ரேயில் வைத்துக் கொண்டுபோனேன். யோகாவின் அம்மா வாசலிலேயே என்னை மறித்தார்.

"தம்பி, அந்த ட்ரேய இப்புடிக் குடுங்க. புள்ள குடுக்கட்டும்."

பொண்ணு கையால் தேத்தண்ணி கொடுப்பதுதானே முறை. என் ட்ரேயை வாங்கிக்கொண்டு யோகா உள்ளே போனாள். முதலில் தாய்மாமனிடம்தான் நீட்ட வேண்டும். நீட்டினாள். அவர் ஊதினார். அவள் இருமினாள். ட்ரேயில் தேத்தண்ணி சிந்தியது.

4. இருமலுக்கு ஒரு வருத்தம்

தாய்மாமன் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னங்க, புள்ளைக்கு மூச்சு இழுப்பு கிழுப்பு ஏதும் இருக்கா?" கேட்டதும் வாயிலிருந்து இன்னொரு பந்து புகை வந்தது.

இங்கேதான் பிள்ளைகளே, நம் ஆட்களின் மரியாதையைப் பாருங்கள். காரணம் அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். காரணம் அவர் விரலிலேயே எரிந்துகொண்டிருந்தது. ஆனால் மாப்பிள்ளை வீட்டாரிடம் அதைச் சொல்லலாமா? யோகாவின் அப்பா கைகட்டிக்கொண்டு சொன்னார்:

"அப்புடி ஒண்ணும் இல்லைங்க. காலையில பஸ்ல வந்தது குளிரு."

"குளிரு தாங்காதா? அப்ப வெலிமடைக் குளிருல எப்புடி இருக்கும்?"

"ஐயோ, அதுக்கில்லைங்க," என்று அம்மா உதவிக்கு வந்தார். "காலையில புள்ள ஒண்ணும் சாப்புடல."

"சாப்புடலையா? வயித்துலயும் கோளாறா?"

"படபடப்புங்க," என்றார் அப்பா.

"நெஞ்சு படபடப்பா! எத்தன நாளா?"

புகையைச் சொல்லாமல் இருப்பதற்காகப் பெற்றவர்களே தங்கள் மகளுக்கு வருத்தத்துக்கு மேல் வருத்தமாக, நோய்க்கு மேல் நோயாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் அந்தப் பிள்ளையை அங்கிருந்தே பதுளை ஆஸ்பத்திரியில் வார்டில் போட்டிருப்பார்கள்.

சிரிக்கிற விஷயம் இல்லை. ஒரு பெண்ணுக்கு இழுப்பு என்று ஒரு தடவை பேச்சுக் கிளம்பினால், அது பஸ்ஸுக்கு முன்னால் தோட்டத்துக்குப் போய்ச் சேரும். அப்புறம் எந்த வீட்டிலிருந்தும் கேட்டு வரமாட்டார்கள். யோகா ட்ரேயைப் பிடித்துக்கொண்டு, அடுத்த இருமலை அடக்கி நின்றாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

நான் கவுண்டருக்கு ஓடினேன்.

"முதலாளி, அந்தாள சிகரெட்ட அணைக்கச் சொல்லுங்க. அந்தப் புள்ள வாழ்க்கையே கெடப் போகுது."

"அவரு கஸ்டமர்டா."

"அந்தப் புள்ளயும் கஸ்டமர்தானுங்களே."

"அது தேத்தண்ணி குடிக்கலையே. குடுக்குது."

இதற்கு மேல் அவரிடம் பேசிப் பிரயோசனம் இல்லை. நானே போய்த் திரைச்சீலையைத் தூக்கி முடிந்து கட்டினேன்.

"மன்னிக்கணும் ஐயா. இந்த ரூமுல புகைக்கு எல்லாரும்தான் இருமுவாங்க. நானும் இருமுவேன். புள்ளைக்கு வருத்தம் ஒண்ணும் இருக்காது."

"நீ டாக்டரா?"

"வெயிட்டருங்க."

"அப்ப போய்த் தண்ணி கொண்டா."

தண்ணி கொண்டு வந்தேன். அதை யோகா வாங்கிக் குடித்தாள். ட்ரேயை மேசையில் வைத்தாள்.

"மாமா, நான் பாத்துக்கிற புள்ளைங்க இருமுனா, எதுனால இருமுதுன்னு மொதல்ல பாப்பேன். அப்புறந்தான் மருந்து. நீங்க சிகரெட்ட அணைச்சிட்டுக் கொஞ்ச நேரம் இருங்க. அதுக்கப்புறமும் நான் இருமுனா, வேணாம்னு சொல்லிட்டுப் போங்க."

"யோகா!" என்றார் அவள் அம்மா, ஏதோ பாத்திரம் விழுந்து உடைந்த மாதிரி.

தாய்மாமன் அவளை முறைத்தார். பிறகு சிகரெட்டை அணைத்தார். எதில் என்றால், தட்டில் இருந்த உளுந்து வடையில்.

5. மாப்பிள்ளை

எல்லாரும் யோகாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். திரை தூக்கிய வாசல் வழியாகப் புகை மெல்ல முன் ஹோலுக்குப் போனது. அங்கே இரண்டு பேர் ஈ ஓட்டத் தொடங்கினார்கள். யோகா அமைதியாக மூச்சு விட்டாள். இருமவில்லை.

அப்போது ஒரு இருமல் வந்தது. மாப்பிள்ளைக்கு.

சும்மா இருமல் இல்லை. வந்ததிலிருந்து வாயே திறக்காமல் இருந்த மனுஷன், அத்தனை நேரமும் அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து இருமினார். முகம் சிவந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு, நிறுத்த முடியாமல் இருமினார். அவருடைய அம்மா உச்சந்தலையில் தட்டினார்.

யோகாவின் அம்மா ரொம்ப அக்கறையாகக் கேட்டார்: "மாப்பிள்ளைக்கு ஏதும் இழுப்பு இருக்காங்க?"

தாய்மாமனுக்கு வந்ததே கோபம். கடை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"அவனுக்கு ஒரு வருத்தமும் இல்ல! புகை ஏறிருச்சு, அவ்வளவுதான்!"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு விளங்கியது. முன் ஹோலில் யாரோ சிரித்தார்கள். அந்த ஒரு வார்த்தையை அந்தப் பிள்ளைக்கும் சொல்லியிருக்கலாம்.

யோகா மாப்பிள்ளையைப் பார்த்து நேராகக் கேட்டாள். "நான் இருமும்போது, அது புகைனாலன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றார் அவர். பாவம், பொய் சொல்லத் தெரியாதவர்.

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?"

"மாமா கோவிச்சுக்குவாரு."

யோகா தலையாட்டினாள். கோபமே இல்லை. "அப்பா, வாங்க போவோம்," என்றாள்.

அன்றைக்கு அந்தச் சம்பந்தம் முறிந்தது. வேன் வெலிமடைக்குப் போனது. மறுநாள் முதலாளி ஃபெமிலி ரூம் வாசலில் ஒரு போர்டு மாட்டினார். புகைபிடிக்கக் கூடாது என்றா? இல்லை. "பெண் பார்க்க வருவோர் முன்கூட்டியே அறிவிக்கவும்" என்று.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவும் இல்லை.

யோகா குடும்பம் அன்றைக்கு உடனே பஸ்ஸுக்குப் போகவில்லை. பசி. முன் ஹோலில் உட்கார்ந்து சோறு கேட்டார்கள். நான் பரிமாறினேன். யோகாவின் அம்மா அழுகையும் சோறுமாக விழுங்கிக்கொண்டிருந்தார். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அப்போது பக்கத்து மேசையில் ஒரு ஆள், நல்ல வாட்டசாட்டமான ஆள், தேத்தண்ணி குடித்துவிட்டுச் சிகரெட்டை வாயில் வைத்தார்.

யோகாவின் அப்பா எழுந்தார். சோற்றுக் கையோடு, குரல் நடுங்க:

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. வெளியில போய்ப் புடிங்க. எங்க புள்ள சாப்புடுது."

நான் ஒரு பெரிய சண்டைக்குத் தயாராக நின்றேன். கவுண்டரில் முதலாளி பாதி எழுந்துவிட்டார்.

அந்த ஆள் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தார். "ஐயோ சரிங்கண்ணே, கவனிக்கல," என்று சொல்லிவிட்டு வெளியே போய், தூறிக்கொண்டிருந்த மழைக்கு ஒதுங்கி நின்று பிடித்தார். அவ்வளவுதான். கூரை இடிந்து விழவில்லை. கடை மூடப்படவில்லை. அந்த ஆள் முகம் சுளிக்கக்கூட இல்லை. யோகா அப்பாவின் தட்டில் இன்னும் கொஞ்சம் பருப்பு ஊற்றினாள்.

அத்தனை காலமும் அந்தக் கடையில் முந்தானையால் மூடிச் சாப்பிட்டவர்களையும், சுவரைப் பார்த்துச் சாப்பிட்டவர்களையும் நினைத்துப் பார்த்தேன். கேட்டால் எல்லாரும் வெளியே போவார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தாய்மாமன் மாதிரி ஆட்களும் இருக்கிறார்கள். ஆனால் யார் போவார், யார் முறைப்பார் என்று எங்கள் கடையில் யாருக்கும் தெரியாது. ஏனென்றால் அன்றுவரை யாரும் கேட்டுப் பார்த்ததில்லை.

பிள்ளைகளே, நீங்கள் கேளுங்கள். மரியாதையாகவே கேளுங்கள், ஆனால் வாயைத் திறந்து கேளுங்கள்.