ஜைத்தூன் லாத்தா மறைத்த வாய்

செவ்வாய்க்கிழமை காலை பட்டறையின் இரும்பு ஏணியில் பாதி ஏறியிருந்தேன். ஜைத்தூன் லாத்தாவின் மகள் போன் செய்தாள். "மாமி, உம்மா மவுத்தாயிட்டாங்க." தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டதாம். மேலே போகவும் முடியாமல், கீழே இறங்கவும் முடியாமல் நின்றேன்.

தாராவியில் தோல் பை தைக்கும் எங்கள் பட்டறைக்கு வந்துபோனவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும்; எல்லோருக்கும் அவர் லாத்தா, அக்கா. பதினோரு வருஷம் எதிரெதிராக உட்கார்ந்தோம். கத்தரி மடியிலேயே கிடந்தாலும் நூலைப் பல்லால் கடித்துத்தான் அறுப்பார். "கத்தரிய எடுத்து வைக்கிறதுக்குள்ள ரெண்டு பை முடிச்சிருவேன்ளா" என்பார்.

நான் யாரையும் கேலி செய்யாமல் விடுகிறவள் இல்லை. ஒருநாள் அவர் நூலைக் கடித்தபோது, "லாத்தா, வாய மூடுங்க. தோல் வாடையே தோத்துப் போச்சு" என்றேன். பட்டறையே சிரித்தது. அவரும் சிரித்தார், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. அதன்பிறகு முந்தானை இல்லாமல் என் முன்னால் அவர் சிரித்ததே இல்லை.

அவர் இரைப்பையில் ஒரு கிருமி. பதினாலு நாள் மாத்திரை தின்றால் போகும். சில மாதத்தில் எரிச்சலோடு திரும்பி வரும். மூன்றாவது தடவை நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் முன்னால் லாத்தாவுக்கு இந்தி எழும்பாது.

அந்தக் கிருமி பல்லில் படியும் அழுக்கிலும் ஒளிந்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா. ஈறில் ரத்தம் வருமா என்று கேட்டார். வரும். அவர் நூலைக் கடித்த இடத்தில், பைக்குள் ஒட்டும் வெள்ளைத் துணியில் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். மேசைக்கடியில் லாத்தா என் கையை நெரித்தார். "நஹி" என்றேன். அந்த ஒரு சொல்லுக்குள் இருவரும் மாட்டிக்கொண்டோம்.

மறுபடி மாத்திரை, மறுபடி கிருமி. மோர்ச்சோற்றைத் தவிர எதுவும் இறங்காமல் பாதியாகிப் போனார். அடுத்த முறை டாக்டரம்மா கேட்கும் முன்பே நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். பல் டாக்டரிடம் மூன்று நடை போய் ஈறைச் சுத்தம் செய்தார், மாத்திரையையும் முடித்தார். கிருமி போய்விட்டதா என்று ஊதிப் பார்க்கும் சோதனை இந்த வியாழக்கிழமை நடக்க இருந்தது.

போனதா, இல்லையா? இனி தெரியப்போவதில்லை.

கடைசியாகப் பல் டாக்டரிடம் போன அன்று, வாசல் பெஞ்சில் கேட்டேன். "ஏன் லாத்தா இத்தன நாள் மறைச்சீங்க?"

கோபமில்லாமல்தான் சொன்னார். "டாக்டரம்மாகிட்ட எனக்கென்ன வெக்கம்? உன்கிட்டதான்ளா வெக்கம்."

லாத்தா எனக்கு விட்டுப்போனது அதுதான். இறக்கிவைக்க இடம் தெரியவில்லை.